ஆறு நட்சத்திரக் கார்

"வண்டி சொந்தமாக்கும். ஜப்பான் வண்டி! நாலு வருஷமா குவைத்தை விட்டு அசையலை எங்க வெங்கிட்டு."

கூடத்தில் சிவராமகிருஷ்ண மாமா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெங்கிட்டு அவருடைய அக்கா பிள்ளை. எனக்குப் பார்த்திருக்கும் வரன்.

உள் அறையில் நான் மாமா கொண்டுவந்த வெங்கிட்டுவின் போட்டோவோடு உட்கார்ந்திருந்தேன். மாமா காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும்.

இது மூன்றாவது இடம். முதல் இரண்டு பேரும் என் போட்டோவைப் பார்த்துச் சரி என்றார்கள். நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனபின் கடிதம் வரவில்லை.

இவர்கள் தாங்களாகவே தேடி வந்திருந்தார்கள். என் போட்டோவைக் கேட்கவே இல்லை. அப்பா எடுத்துக் கொடுத்தபோதும், அதெல்லாம் வேண்டாம் என்று மாமா கையை ஆட்டிவிட்டார்.

அதில்தான் எனக்கு முதல் சந்தேகம்.

போட்டோவில் கோட்டு போட்ட ஒருவர் காரில் சாய்ந்து நின்றார். முகத்தில் லேசான பயம். போட்டோ எடுக்கும்போது எனக்கும் அப்படித்தான் வரும். அதனால் முகத்தை விட்டுவிட்டுக் காரைப் பார்த்தேன்.

மேஜையில் அப்பாவின் லென்ஸ் இருந்தது. மிளகுக் கிடங்கில் பூஞ்சணம் பார்ப்பதற்கு வைத்திருப்பது. அதைக் காரின் முகப்பில் பிடித்தேன்.

ஒரு பெரிய நட்சத்திரம். ஐந்து சின்ன நட்சத்திரங்கள்.

சுபாரு.

இந்தக் காரை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் யூதத் தெருவில் இருந்த சிப்போரா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டாள். போன வருஷம் அவள் அப்பா கார் வாங்கியபோது நான்கு பக்கத்துக்கு மலையாளத்தில் எழுதியிருந்தாள். முன்பு விமானம் செய்துகொண்டிருந்த கம்பெனியாம். போருக்குப் பிறகு ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஒன்றானதாம். சேர்ந்த ஐந்துக்கு ஐந்து, சேர்ந்து ஆனதற்குப் பெரிதாக ஒன்று, ஆக ஆறு நட்சத்திரம். ஜப்பான்காரர்கள் கார்த்திகை நட்சத்திரத்தைச் சுபாரு என்றுதான் கூப்பிடுகிறார்களாம். 'உன் நட்சத்திரம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது கங்கா' என்று முடித்திருந்தாள்.

இன்னொன்றும் எழுதியிருந்தாள். அரபு நாடுகளைப் பகைத்துக்கொள்ள வேண்டாமென்று மற்ற ஜப்பான் கம்பெனிகள் அங்கே வருவதில்லை. வந்தது இது ஒன்றுதான். அதனால் ஊரே இந்தக் காரை ஓட்டுகிறது. மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறும். குளிரில் சாவியின் ஒரே திருப்பலில் கிளம்பும். அவள் அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால் அதைத் துடைத்து வைத்துவிடுவார்.

இஸ்ரேலுக்கு விற்கிற கம்பெனியை அரபு நாடுகள் சேர்க்காது. அந்தக் கார் குவைத்தில் எப்படி நிற்கும்?

லென்ஸை நகர்த்தினேன். முன்சக்கரத்துக்கு மேலே ஒரு நசுங்கல். ஆரஞ்சுப் பெட்டி விழுந்து நசுங்கியது. சிப்போரா அனுப்பிய போட்டோவில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாள்.

காரின் நிழல் இடது பக்கம் விழுந்திருந்தது. அவருடைய மூக்கின் நிழல் வலது பக்கம்.

ஒரே வெயிலில் அப்படி விழாது. மூன்று வருஷம் பௌதிகம் படித்ததற்கு இந்த ஒரு இடத்திலாவது உபயோகம்.

ஒட்டுப் போட்டோ. சிப்போரா வீட்டுக் காரின்மேல் இவரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

சிப்போராவின் போட்டோவைப் பெரிதாக்குவதற்காக நான் ஒரே ஒருவரிடம்தான் கொடுத்தேன். படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் செல்லதுரை அண்ணாச்சியிடம். போன தை மாதம். என்னைப் போட்டோ எடுத்ததும் அன்றைக்குத்தான்.

மறுபடியும் லென்ஸை வைத்தேன். கோட்டின் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. மூன்று கறுப்புப் பொத்தான், ஒன்று மட்டும் வெள்ளை. ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் கோட்டு. வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஒன்றுதான்.

நாலு வருஷமாகக் குவைத்தை விட்டு அசையாதவர் அதை எப்படிப் போட்டுக்கொண்டார்?

அப்பாவைக் கூப்பிட வாயெடுத்தேன்.

அப்போதுதான் ஸ்டூடியோவில் இருந்த பெஞ்சு ஞாபகம் வந்தது.

அன்றைக்கு அண்ணாச்சி என் முகத்தருகே விளக்கைக் கொண்டுவந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "கழுத்துல இந்த வெள்ளைத் திட்டை பென்சில் வச்சுத் தொட்டா போச்சு தங்கச்சி. பெத்தவளுக்கே தெரியாது பாத்துக்க."

பெஞ்சில் ஒருவர் கோட்டுக்குள் கையை நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே. எதுக்கு அழிக்கணும்?" என்று தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"நீரு முதல்ல கோட்டை மாட்டும்வே," என்றார் அண்ணாச்சி.

அதற்குமேல் நான் வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன், லென்ஸுக்குக் கீழே.

கூடத்தில் டம்ளர் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கங்கா, என்னம்மா?" என்றார் அப்பா.

சித்திரை வெயிலிலும் கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்த தலைப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கூடத்துக்குப் போனேன். மாமா என் கழுத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை. முன்பே கேள்விப்பட்டவரைப் போல இருந்தார்.

போட்டோவை அவரிடம் நீட்டினேன்.

"அவரை நேரில் வரச் சொல்லுங்கோ, மாமா. கோட்டு வேண்டாம்."