வீட்டுக்காரம்மாவின் கையெழுத்து

“மாசம் பொறந்தா வந்து நின்னுடறே. உனக்குக் கையெழுத்துப் போட்டே என் கை தேஞ்சுடும் போல!”

பொற்கொடி சலித்துக்கொண்டாள். யோகராணி சிரித்துவைத்தாள்.

இலங்கையிலிருந்து வந்தவள் யோகராணி. ஓசூரில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை. அகதி என்றதும் பத்து வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பதினோராவதாகக் கிடைத்தது பொற்கொடியின் மாடி ரூம். ‘இவள் என் வீட்டில்தான் குடியிருக்கிறாள்’ என்று வீட்டுக்காரம்மா மாதாமாதம் கையெழுத்துப் போட்டுத் தரும் கடிதத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தால்தான் இங்கே தங்கும் அனுமதி நீளும்.

“பேனாவைத் தேடணும். அதுக்குள்ள அந்த ஊறுகா மாங்காயைக் கொஞ்சம் நறுக்கிடு.”

அந்தக் ‘கொஞ்சம்’ ஒரு கூடை. போன மாதம் கேழ்வரகு புடைத்தாள். அதற்கு முந்தின மாதம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினாள். பொற்கொடிக்குப் பேனா அவ்வளவு சுலபத்தில் கிடைத்துவிடாது.

பாதிக் கூடை முடிந்தபோது ஏட்டு ஆஞ்சப்பன் வந்தார். பொற்கொடியின் மகன் ஸ்ரீராம் வெளிநாடு போகிறான். அவனுடைய பாஸ்போர்ட் விசாரணை. காபியைக் குடித்தவர் கண்ணில், 1.5.2006 என்று தேதி போட்டு, கையெழுத்துக்காக மேஜைமேல் கிடந்த கடிதம் பட்டது.

“இது எதுக்கும்மா? தங்கற அனுமதி இனிமே தானாவே நீளும், லெட்டர் வேணாம்னு நாலு மாசம் முன்னாடியே வந்து சொன்னேனே? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடறேன்னீங்களே!”

பொற்கொடிக்கு முகம் செத்துவிட்டது.

“மறந்தே போச்சுங்க...”

ஏட்டு போன பிறகும் அவளால் யோகராணியை நேராகப் பார்க்க முடியவில்லை. கோயில் அன்னதானத்துக்கு முதல் ஆளாய் நிற்கிறவள், நாதியற்ற ஒருத்தியை நாலு மாதமாக ஏய்த்திருக்கிறாள். நினைக்கவே கூசியது.

“மறக்கல யோகா, பொய் சொன்னேன். உன்னை ஏமாத்திட்டேன். எந்திரி, கத்தியைக் கீழ வை.”

“எனக்குத் தெரியும் அக்கா. ஸ்டேஷனில நாலு மாசம் முன்னமே சொல்லிப்போட்டினம்.”

“தெரிஞ்சுமா வந்தே? எதுக்கு?”

யோகராணி அடுத்த மாங்காயை எடுத்தாள்.

“நாட்டில இருக்கிறதுக்குத்தான் தானா நீளும் அக்கா. உங்கட வீட்டில இருக்கிறதுக்கு நீங்கள்தானே நீட்டோணும்?”