பள்ளத்து வீட்டுக் குழாய்

குழாய் சீறியது.

அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். ஐந்து நாள் காலியாகக் கிடந்த குழாய்க்குள் இருக்கிற காற்றையெல்லாம் தள்ளிக்கொண்டுதான் தண்ணீர் வந்தாக வேண்டும். சீறல் நிற்கும். இரண்டு முறை செருமும். பிறகு பழுப்பாக ஒரு வாய் துப்பும். உடனே குழாயை மூடிவிட வேண்டும்.

மூடிவிட்டுச் சுவரில் இரண்டு தட்டு.

மொட்டை மாடிக்கு வடகம் அள்ளப் போகும்போது வடிவு மதினி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"சத்தம் கேட்டா தட்டிரு, என்ன. ஒனக்கா சொல்லித் தரணும்?"

சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததே அவள்தான்.

ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். நடுவில் ஒரே சுவர். தெரு சரிவு என்பதால் ஒன்று மேடு, மதினியுடையது பள்ளம். இரண்டுக்கும் ஒரே குழாய்தான் பிரிந்து போகிறது. பள்ளத்து வீட்டில் திறந்திருந்தால் தண்ணீர் அங்கேயே விழுந்துவிடும். மேட்டுக்கு ஒரு சொட்டு ஏறாது. பள்ளத்தில் மூடினால் ஏறும். அதுவும் முதல் கால்மணி நேர வேகத்தில்தான் ஏறும்.

ஆகவே பள்ளத்து வீடு மூடிவிட்டுத் தட்ட வேண்டும். காத்திருக்க வேண்டும். மேட்டு வீடு எட்டுக் குடம் பிடித்ததும் பதிலுக்கு ஒரு தட்டு. அதன் பிறகு பள்ளத்து வீடு திறக்கலாம். வேகம் குறைந்தாலும் பள்ளத்தில் தண்ணீர் விழும்.

மேட்டு வீட்டுக்குக் குடிவந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. மதினியோடு ஒரு மாதம் தண்ணீர்ச் சண்டை. பிறகு ஒருநாள் கரித்துண்டால் தரையில் குழாயை வரைந்து காட்டினாள்.

மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏட்டி, நீ டீச்சருக்குப் படிச்சிருக்கலாம்லா."

பத்தொன்பது வருடம். ஒருமுறைகூடத் தட்டு தவறியதில்லை.

இப்போது அவளுக்கு அடுக்குமாடியில் சொந்த வீடு. எந்நேரமும் தண்ணீர். அங்கே போய் ஒன்றரை வருடமாகிறது. எதிர் வீட்டுக்காரியின் பெயர் இன்னும் தெரியாது.

மேட்டு வீட்டில் ஜெனிட்டா இருக்கிறாள். முப்பது வயதிருக்கும்.

இன்றைக்கு வந்து முக்கால்மணி நேரத்தில் மதினி அந்தப் பெயரை ஏழு முறை சொல்லிவிட்டாள். ஜெனிட்டா மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். வடகம் ஜெனிட்டா பிழிந்தது. கண் ஆபரேஷனுக்கு ஜெனிட்டாதான் கூட வந்து இரண்டு நாள் இருந்தாள்.

மதினிக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே அவளுக்கு இன்றுதான் தெரியும்.

குழாய் துப்பியது.

மூடினாள்.

சுவரில் தோள் உயரத்தில் சுண்ணாம்பு போய்ச் சின்னதாக ஒரு குழி. மதினியின் மோதிரம் பட்டுப் பட்டு விழுந்தது. அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விழுந்தது.

குழியின் ஓரத்தில் புதிதாக உதிர்ந்திருந்தது.

கையை ஓங்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனிட்டா ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டில் பாடுகிற மாதிரி.

கை இறங்கியது.

குழாயைத் திறந்தாள். மதினியின் குடத்தை அடியில் வைத்தாள்.

நல்ல வேகம். குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிந்துகொண்டே மேலேறும். கழுத்துக்கு வந்ததும் கீச்சென்று மாறும். பார்க்காமலே குடம் மாற்றலாம். அவள் பார்க்காமலே மாற்றினாள். ஒன்று. இன்னொன்று. எல்லாமே.

மதினி முறத்தோடு இறங்கி வந்தாள்.

"அதுக்குள்ள அவ பிடிச்சு முடிச்சிட்டாளா?"

"ம்."

"பதில் தட்டு வந்துட்டா?"

"வந்துட்டு, மதினி."

மதினி நிறைந்த குடங்களைப் பார்த்தாள். முறத்தை மெதுவாக மேடைமேல் வைத்தாள்.

வாசலில் நிழல். ஜெனிட்டா. இரண்டு கையிலும் காலிக் குடம்.

"யக்கா, தண்ணி வந்துட்டா? தட்டவே இல்லையே. செவுத்துக்கிட்ட நின்னுதான் காய் நறுக்கிட்டிருக்கேன்."



அவள் ஜெனிட்டாவைப் பார்க்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நூலாகியிருந்தது. இந்த நூல் மேட்டுக்கு ஏறாது. இனி ஐந்து நாள்.

"தட்டுனேன்ட்டி," என்றாள் மதினி. "ஒனக்குத்தான் கேக்கல. கையில முன்ன மாதிரி பலம் இல்ல, பாத்துக்கோ. வயசு என்ன கொஞ்சமாவா ஆவுது?"

"அய்யோ, விடுங்கக்கா."

மதினி சேலையை இழுத்துச் செருகினாள். குனிந்தாள். நிறைகுடம் ஒன்றை ஒரே வீச்சில் இடுப்பில் ஏற்றினாள். இன்னொன்றை மறு கையில் தூக்கிக்கொண்டாள்.

குழாயடியில் நின்றவள் பக்கம் திரும்பாமல் மேட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஒரு சொட்டும் சிந்தவில்லை.