நல்ல வார்த்தை சொல்ல வந்தவர்

“நல்லாத்தான் இருக்காரு, தங்கச்சி” என்று பொன்னுரங்கம் மறுபடியும் சொன்னார்.

புஷ்பவள்ளிக்கு எரிச்சல் மண்டியது.

அவர் குமராட்சிக்காரர். ரங்கூன் அரிசி ஆலையில் அவளுடைய கணவன் ராஜமாணிக்கத்தோடு வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபின், காடும் மலையும் கடந்து, பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்திருக்கிறார்.

புறப்பட்டபோது இருவரும் சேர்ந்தே புறப்பட்டார்களாம். வந்து சேர்ந்தவர் இவர் ஒருவரே.

கால் வீக்கம் வற்றாத நிலையிலும் ரயிலேறித் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து, தெருத்தெருவாக விசாரித்து இந்த வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். வழியில் யானைக்கூட்டம் மறித்த கதையைக் கையை ஆட்டி ஆட்டி விவரித்தார். அட்டைகள் காலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சிய கதையையும் விடவில்லை. கணவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவருடைய பேச்சு சுருங்கிவிட்டது.

“எந்த ஊர்ல அவரை விட்டுட்டு வந்தீங்கண்ணே?”

“பின்னால வர்ற கூட்டத்தோட வந்துடுவாரு.”

“நான் ஊரைக் கேட்டேன்.”

“நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதம்மா.”

கவலைப்படாதே! அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. தபால்காரர் காத்தவராயன் வெறுங்கையை விரிக்கும்போதெல்லாம், நாளைக்கு நிச்சயம் வரும் என்பார். எதிர்வீட்டுப் பட்டம்மாளோ, பல்லி கத்தினாலும் காக்கை கத்தினாலும் ராஜமாணிக்கம் வரப்போவதாகவே பொருள் சொல்லுவாள். ஊரே கூடி அவளுக்கு இனிப்பை ஊட்டியது. அவளுடைய பசியோ வேறு.

அவருக்குக் காய்ச்சல் கண்டதா? காலில் செருப்பு இருந்ததா? கடைசியாக என்ன சாப்பிட்டார்? கசப்பாயினும், கையில் பிடித்துக்கொள்ளத்தக்க ஓர் உண்மை போதும்.

“காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது வந்துச்சாண்ணே? மறைக்காம சொல்லுங்க.”

“ஏண்டி, போலீசுக்காரன் மாதிரி மனுசனைக் கொடையிற?” என்று அடுக்களையிலிருந்து மாமியார் சிவகாமியம்மாள் அதட்டினாள். “நல்ல வார்த்தை சொல்ல வந்திருக்காரு. வாயை மூடிக்கிட்டு எலையைப் போடு. பாயசம் கொதிக்குது.”

மாதக்கணக்கில் பாயோடு பாயாகக் கிடந்தவள் அவள். மகன் வருகிறான் என்று காதில் விழுந்ததும் எழுந்துவிட்டாள். தீபாவளிக்கென்று ஒளித்து வைத்திருந்த வெல்லத்தையும் எடுத்துவிட்டாள்.

பாயசம் என்றதும் பொன்னுரங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். நடையைத் தாண்டினார். படியிறங்கினார்.

ஒரு வார்த்தை பேசவில்லை.

புஷ்பவள்ளி வாசலுக்கு ஓடினாள்.

“அண்ணே!”

அவர் திரும்பவில்லை. வீங்கிய காலை இழுத்து இழுத்து, தெருக்கோடியை நோக்கி விரைந்தார்.

அத்தனை பொய்களையும் தடுமாறாமல் சொன்ன நாவுக்கு, “போயிட்டு வரேன்” என்று மட்டும் சொல்ல வரவில்லை.

எந்த வீட்டில் அதைச் சொல்லக் கூடாது என்பதை அவளும் அறிவாள். இழவு விழுந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தாம் விடைபெற மாட்டார்கள். திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

கதவு நிலையைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

முந்தானையால் கிண்ணத்தைப் பிடித்தபடி சிவகாமியம்மாள் பின்னால் வந்தாள். பாயசத்தின் ஆவி புஷ்பவள்ளியின் கழுத்தில் பட்டது.

“எங்கடி அவரு? சாப்பிடாமயா போயிட்டாரு? கெளம்புறப்ப ஒரு வார்த்தை சொல்லலையா?”

புஷ்பவள்ளி முகத்தைத் திருப்பவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“ரயிலுக்கு நேரமாயிடுச்சாம் அத்தை. போயிட்டு வரேன்னாரு.”