வெள்ளவத்தை மவுஸ்

"ஒரு மவுஸைச் சரிபண்ண இவ்வளவு நாளோ? எலி பிடிக்கிறவனைக் கூப்பிட்டிருந்தா எப்பவோ பிடிச்சிருப்பான்!"

கிளெமென்ற் சொல்ல, கொழும்பில் அந்தக் கொட்டாஞ்சேனை ஒபிஸில் எல்லாரும் சிரித்தார்கள். இப்திகார் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குக் கொம்பியூட்டர் மக்கர் பண்ணினால் ஃபோனிலேயே சரிபண்ணிக் கொடுப்பதுதான் இவர்களுடைய வேலை. ஒரு கணக்குக் கம்பனியின் ஆட்கள்தான் கூடுதலாகக் கோல் எடுப்பார்கள். அவர்களுடைய லப்டொப்புக்குள்ளேயே இன்னொரு கொம்பியூட்டர் ஓடும். வேர்ச்சுவல் மெஷின் என்பார்கள். கம்பனி வேலை முழுக்க அதற்குள்தான். சில நேரம் மவுஸின் அம்பு அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும், வெளியே வராது. வலப்பக்கக் கண்ட்ரோல் கீயை ஒருக்கா அமத்தினால் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த அவ்வளவுக்குத்தான் வெள்ளவத்தையிலிருந்து யதுஷா என்றொரு பெண் பின்னேரமானால் கோல் எடுப்பாள். எந்த நாளும் அதே முறைப்பாடு. இப்திகார் ஹெட்செட்டை மாட்டினானென்றால் லேசில் கழற்ற மாட்டான். ஒபிஸில் அந்தக் கோலுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், வெள்ளவத்தை மவுஸ் என்று.

இந்தக் கதை, மேலாளர் றேணுகாவின் காதுக்கும் போனது. அவர் விடுகிற ஆளா?

"இப்திகார், இஞ்ச வாரும். அந்த மவுஸுக்கு என்ன செய்தனீர்?"

"எல்லாம் செஞ்சேன் மிஸ். வேர்ச்சுவல் மெஷின் டூல்ஸை அழிச்சிட்டுத் திரும்பப் போட்டேன். செட்டிங்கையும் மாத்தினேன்."

"பிறகும் வேலை செய்யேல்லையோ?"

அவன் ஹெட்செட் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"பத்து நிமிச வேலை ஐசே இது. எனக்குக் காதில பூச் சுத்தாதேயும். அந்தப் பிள்ளை கலியாணம் கட்டினது, தெரியுமோ உமக்கு?"

"தெரியும் மிஸ்."

"தெரிஞ்சுகொண்டுதானோ!" றேணுகாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "உம்மை இன்னும் வேலையில நிரந்தரமாக்கேல்லை. நான் மேல ஒரு சொல்லுச் சொன்னா நாளைக்கு நீர் வீட்டிலதான். இனி அந்தக் கோலை நீர் தொடக் கூடாது."

இப்திகாரின் முகம் செத்துப்போனது. மட்டக்குளி வீட்டில் அவனுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அது எல்லாருக்கும் தெரியும்.

"என்னைய நிப்பாட்டினாலும் பரவால்ல மிஸ். அந்தக் கோல வேற யாராச்சும் எடுங்க. எடுத்தா வெட்டிடாதீங்க."

என்ன துணிச்சல் பாருங்கள்! கிளெமென்ற் பக்கத்து மேசையைப் பார்த்துக் கண்ணடித்தான். வேலை போனாலும் கதை போகக் கூடாதாம்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. வெள்ளவத்தைதான்.

றேணுகாவே ஹெட்செட்டை மாட்டினார். யதுஷாவின் கொம்பியூட்டர் இங்கே திரையில் தெரிந்தது.

"தம்பி..."

"தம்பி இல்லை. அவரின்ர மிஸ் கதைக்கிறன். சொல்லுங்கோ."



"மவுஸ்... மவுஸ் அசையுதில்லை மிஸ்."

திரையில் மவுஸ் அம்பு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஃபைலைத் திறந்தது, மூடியது. திரும்பவும் திறந்தது, மூடியது.

"ஏன் பிள்ளை பொய் சொல்லுறீர்? எனக்கு இஞ்ச எல்லாம் தெரியுது. மவுஸ் நல்லாத்தான் இருக்கு. உமக்கே வெக்கமா இல்லையோ? நான் வைக்கிறன்."

வெட்டுவதற்குக் கை போனது. அப்போது ஹெட்செட்டில் ஓர் ஆணின் குரல் கேட்டது, தூரத்திலிருந்து கிட்டக் கிட்ட.

"கோல் முடிஞ்சுதோடி? முடிஞ்சா வைச்சிட்டு இஞ்சால வா. காலமை என்னோட வாய் காட்டினதுக்கு இருக்கு உனக்கு."

ஏதோ சுவரில் பட்டு உடைந்தது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

"இல்லையப்பா... ஒபிஸ் கோல்." யதுஷா அவசரமாகச் சொன்னாள். "மவுஸ் இன்னும் சரிவரேல்லை. அவை லைனில நிக்கினம்."

ஆணின் குரல் உடனே பதுங்கியது. "சரி சரி, கெதியாக் கதைச்சு முடி." கதிரை ஒன்று இழுபடுகிற சத்தம் கேட்டது.

றேணுகா திரும்பி இப்திகாரைப் பார்த்தார்.

"முதல் நாளே மவுஸ் சரியாயிடிச்சி மிஸ்," என்றான் அவன் மெல்ல. "லைன் ஓடுற வரைக்கும் அவங்க புருஷன் கை வெக்க மாட்டாரு. ஒபிஸுக்குக் கேட்கும்னு பயம். கொஞ்ச நேரம் போனா குடிவெறியில தூங்கிடுவாரு. பொலிசுக்குச் சொல்லுவோமான்னு கேட்டேன். வாணாம்னு அழுறாங்க. பிள்ளையைத் தூக்கிட்டுப் போக அவங்களுக்கு எடமில்ல மிஸ்."

கிளெமென்ற் தன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

றேணுகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஃபோனை ஸ்பீக்கரில போடுங்கோ."

போட்டாள். அந்த வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி றேணுகா சத்தமாகச் சொன்னார்:

"இது பெரிய பிரச்சினை போல கிடக்கு. லைனை வெட்டாதேங்கோ. நாங்கள் இஞ்ச எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம்."