பூஜ்ஜியத்தில் நிற்காத கத்தி

நாளை மனைவி தூன்யா இறந்து நாற்பதாம் நாள். அவள் கல்லறைக்கான மரச்சிலுவையைச் செதுக்க, கராஜில் இருந்த, கணினியால் இயங்கும் மரம் செதுக்கும் இயந்திரத்தில் வுகாஷின் பலகையை வைத்தான். கத்தியைப் பலகையின் மூலைக்குக் கொண்டுவந்து, அதுதான் தொடக்கப் புள்ளி என்று பூஜ்ஜியம் கொடுத்தான். கத்தி தானாகவே நடுப்பலகைக்கு நகர்ந்தது. திரையில் அந்த இடத்தின் அளவு: 212, 90. மூன்றாம் முறையும் அதேதான்.

“பொண்டாட்டி போனதும் உன் மிஷினுக்கும் கழண்டுடுச்சாடா?” என்றான் ரங்கோ. அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன். அவள் இறந்த அன்று குடித்துவிட்டு அவளைக் காரில் கூட்டிப்போனவனும் அவன்தான். “பலகை ஆடுது பாரு. நான் அமுக்கிக்கிறேன், மறுபடி வை.”

உள்ளங்கையை நடுவில் ஊன்றினான்.

வுகாஷின் எதையும் தொடவில்லை. கத்தி சுழன்று இறங்கி, கையைத் துளைத்துப் பலகைக்குள் புகுந்தது.

“நிறுத்துடா! டேய், நிறுத்துடா!”

நிறுத்தும் பொத்தான் மேலேயே, அமுக்காமல், வுகாஷினின் விரல் இருந்தது. திரையைப் பார்த்தான். 212, 90 இருந்த இடத்தில் இப்போது எல்லாம் பூஜ்ஜியம். கத்தி மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, தூன்யாவின் பெயரில் முதல் எழுத்தைச் செதுக்கத் தொடங்கியது.