நிழல் குடித்த ஆறு வோல்ட்

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் கடை ஷட்டர் என் தலையிலேயே இறங்கட்டும். நாற்பது வருடமாகக் கேபிள் விற்கிறேன். கேபிள் விற்பவன் நீளமாகப் பேசுவான், இல்லாததைப் பேச மாட்டான்.

புயலில் கம்பம் சாய்ந்து தெருவுக்கே கரண்ட் இல்லாத வாரம் அது.

என் தங்கைக்கு மூச்சு இயந்திரம் இல்லாமல் உறக்கம் கிடையாது. முகமூடியை மாட்டாமல் படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

இயந்திரத்துக்கு ஒரு பேட்டரி. பேட்டரிக்கு முற்றத்தில் ஒரு மடக்கு சோலார் பலகை. இரண்டுக்கும் நடுவே கேபிள். அந்தக் கேபிள் என் பொறுப்பு.

திங்கட்கிழமை தங்கையின் கணவர் கடைக்கு வந்தார். தையல்காரர். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும்.

“மச்சான், பலகை மேல நிழல் விழுது. கொஞ்சம் தள்ளி வைக்கணும். பத்து மீட்டர் கொடுங்க.”

கொடுத்தேன். இரண்டரை எம்எம் கனம்.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். தள்ளி வைத்த இடத்துக்கும் நிழல் வந்துவிட்டதாம். இருபது மீட்டர் வேண்டுமாம்.

“என்ன, மரத்து நிழலா?”

“மரம்தான் புயல்ல போயிடுச்சே மச்சான்.”

“அப்ப நிழலைக் கத்தரிச்சு ஓரம் அடிச்சு விடுங்க மாப்ள. உங்க தொழில்தானே?”

அவர் சிரிக்கவில்லை.

நீளம் கூடினால் கனமும் கூட வேண்டும். மெல்லிசான கேபிளில் கரண்ட் வழியிலேயே களைத்துப்போகும், பேட்டரி நிறையாது. இதை அன்றைக்கே அவரிடம் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன். நாலு எம்எம் கொடுத்தேன்.

புதன்கிழமை நாற்பது மீட்டர், பத்து எம்எம்.

வியாழக்கிழமை எண்பது மீட்டர், பதினாறு எம்எம். மலைப்பாம்பு மாதிரி இருந்தது. ஆளுக்கொரு பக்கம் தோளில் போட்டுத் தூக்கிப்போனோம். தெருமுனையில் ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கி, கேபிளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது.

அன்றைக்குத்தான் நிழலை நேரில் பார்த்தேன்.

உச்சி வெயில். வானத்தில் மேகம் இல்லை, ஒரு காக்கை கூட இல்லை. தங்கையின் வீட்டைச் சுற்றி வட்டமாக நிழல், தெருவைத் தாண்டி எதிர்வரிசை வீடுகள் வரைக்கும். துணியில் சாக்பீஸால் வெட்டுக்கோடு போட்டதுபோல் அதன் ஓரம் அத்தனை சுத்தமாக இருந்தது. எறும்புகள் அந்தக் கோடு வரை வரிசையாக வந்து, வரிசையாகவே திரும்பிப் போயின.

பலகையை வெயிலில் விரித்து வோல்ட்மீட்டர் வைத்தேன். பதினெட்டு வோல்ட்.

கேபிளில் கையை வைத்தபடியே வீட்டை நோக்கி நடந்தேன். வெயிலில் கிடந்த பகுதி சுட்டது. கோட்டைத் தாண்டியதும் கிணற்றுக்குள்ளிருந்து இழுத்த கயிறு மாதிரி சில்லிட்டது.

பேட்டரிப் பக்கம் வோல்ட்மீட்டர் வைத்தேன். பன்னிரண்டு.

அந்தக் கனத்துக்கு இரண்டு வோல்ட் குறையலாம். ஆறு காணோம்.

“என்ன மச்சான், எவ்வளவு காட்டுது?”

“நிழல் குடிக்குது மாப்ள.”

தங்கை கட்டிலில் உட்கார்ந்து பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

“அண்ணே, இது ராத்திரி தாங்குமா?”

“தாங்கும். நான் போட்ட கேபிள்மா. யானையையே கட்டி வைக்கலாம்.”

அவள் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே நான் சொல்வதையெல்லாம் நம்புகிறவள்.

வெள்ளிக்கிழமை காலை போனபோது நிழல் எங்குமே இல்லை. முற்றம் முழுக்க வெயில். உள்ளே இயந்திரம் ஓடாமல் நின்றுபோயிருந்தது. தங்கை எழுந்திருக்கவே இல்லை.

யார் கேட்டாலும் இதையேதான் சொல்கிறேன். நிழல்தான் குடித்தது. மாப்பிள்ளையிடமும் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் அந்த வீட்டிலிருந்து சுருட்டி எடுத்துப்போன கேபிள் ஒரே துண்டு: முப்பது மீட்டர், ஒன்றரை எம்எம்.