முழங்கால் வரை

ஸ்காட்லாந்து ஆண்கள் முழங்கால்வரை உடுத்தும் கட்டம் போட்ட கில்ட் என்ற பாவாடையைத் தானே தைத்துப் பார்க்க வேண்டும் என்று சந்தியாகுவுக்குத் தோன்றிவிட்டது. அதுவரை அவன் ஒரு தலையணை உறைகூடத் தைத்ததில்லை.

"உங்க சொந்தத்துல யாரும் அந்த ஊரா?" என்றாள் மனைவி பேச்சியம்மாள்.

"இல்ல. முன்பக்கம் மொழுக்குன்னு இருக்கு, மடிப்பெல்லாம் முதுகுப் பக்கம் போகுது. நடக்கும்போது அது என்ன பண்ணும்னு பாக்கணும்."

முதல் தடவை, சேலைக் கொசுவத்தைப் பார்த்த பழக்கத்தில், மடிப்புகளை முன்னால் வைத்துத் தைத்துவிட்டான். அவள் சிரித்துக்கொண்டே தையலைப் பிரித்துக் கொடுத்தாள். மறுபடி தைத்து உடுத்திக் கூடத்தில் நடந்தபோது, பின்னால் மடிப்புகள் விரிந்து விரிந்து மூடின. அவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

வாசலில் அவளுடைய அண்ணன் நின்றார். சாதி மாறி நடந்த அவர்கள் கல்யாணத்துக்கு வராதவர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"வாங்க மச்சான்" என்ற சந்தியாகுவின் கை, பெரியவர்களைக் கண்டால் மடித்துக் கட்டியதை இறக்கிவிடும் பழக்கத்தில், தானாக இடுப்புக்குப் போனது. அவிழ்க்க அங்கே எதுவும் இல்லை. கை கீழே இறங்கி ஓரத்தைப் பிடித்து இழுத்தது. துணி முழங்காலைத் தாண்ட மறுத்தது.

அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, படியேறும் முன், தன் வேட்டியை இறக்கிவிட்டார்.